கார் குலுங்காமல் போக எந்த டயர், எந்த ரிம்? பெங்களூரில் ஓட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்மாவுக்கு இடுப்பு டிஸ்க்கில் பிரச்சினை வந்து, சேலத்திலிருந்து கே.ஆர்.புரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் தங்கினார். வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபி. போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு கிலோமீட்டர், அவ்வளவுதான். ஆனால் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பள்ளத்திலும் "மெதுவாப் போ கண்ணு, முதுகுல குத்துது" என்பார், நான் அப்போதே இருபதில்தான் போய்க்கொண்டிருப்பேன். அதற்கு மேல் மெதுவாகப் போக வழியில்லை என்ற நிலையில்தான் டயர், ரிம், காற்று எல்லாவற்றையும் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன், கடை கடையாக ஏறி இறங்கினேன், கடைசியில் காரில் வந்த 16 இன்ச் அலாய் (அலுமினியக் கலவை) ரிம்மைக் கழற்றிவிட்டு 15 இன்ச் போட்டேன். அதன் பிறகு அபார்ட்மென்ட்டிலும் ஆபீஸிலும் நம் தமிழ் ஆட்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் கீழே.

டயரை மாற்றினால் உண்மையிலேயே சொகுசு கூடுமா, இல்லை காசு செலவழித்ததால் அப்படித் தோன்றுமா?

கூடும். ரோட்டுக்கும் உங்கள் முதுகுக்கும் நடுவே அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள மூன்று விஷயம் இருக்கிறது: டயருக்குள் இருக்கும் காற்று, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும், அப்புறம் சீட். இதில் முதல் அடியை வாங்குவது டயர்தான். ஜல்லி பெயர்ந்த இடம், கேபிள் போடத் தோண்டி மூடிய வரி, மேன்ஹோல் மூடியின் விளிம்பு மாதிரியான சின்னச் சின்ன அடிகளை ஸ்பிரிங் அசைவதற்கு முன்பே டயர் விழுங்கிவிட வேண்டும். அது விழுங்காதபோதுதான் காருக்குள் 'டக் டக்' என்று கேட்கிறது. பெரிய பள்ளத்தில் வண்டி முழுசாக இறங்கி ஏறுவது வேறு கதை, அங்கே ஷாக்தான் வேலை செய்ய வேண்டும், எந்த டயர் போட்டாலும் அது சரியாகாது.

டயரில் 195/55 ஆர்16 87வி என்று போட்டிருக்கிறது. இதை எப்படிப் படிப்பது?

195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது மில்லிமீட்டர் இல்லை, சதவீதம்: அந்த அகலத்தில் 55 சதவீதம்தான் சைடுவாலின், அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் சுவரின் உயரம். கணக்குப் போட்டால் 107 மி.மீ. வரும். ஆர் என்றால் ரேடியல், 16 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். 87 ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு, 545 கிலோ என்று அர்த்தம். வி என்றால் 240 கி.மீ. வேகம் வரை தாங்கும். எச் என்றால் 210, டி என்றால் 190.

சொகுசுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது அந்த நடு எண்ணையும் கடைசி இன்ச்சையும் சேர்த்துத்தான். 55 என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, ஏனென்றால் 215-இல் 60 சதவீதம் என்பது 165-இல் 60 சதவீதத்தைவிட நிறைய உயரம். எப்போதும் பெருக்கிப் பாருங்கள்.

ரிம்மை ஒரு இன்ச் சின்னதாக்கினால் என்ன நடக்கும்? டயர் சின்னதாகி வண்டி தாழ்ந்துவிடாதா?

இந்த ஒரு கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

ரிம் சின்னதாகும், டயர் சின்னதாகாது. நம் ஊர் ஹேட்ச்பேக்குகளில் வரும் மூன்று அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 195/55 ஆர்16 டயரின் மொத்த உயரம் கிட்டத்தட்ட 621 மி.மீ. 185/65 ஆர்15-இன் உயரம் 621.5. பழைய 165/80 ஆர்14-இன் உயரம் 619.6. மூன்றும் ஒன்றுதான் என்றே வைத்துக்கொள்ளலாம். தரையிலிருந்து வண்டியின் உயரம் மாறாது, ஸ்பீடோமீட்டர் மாறாது, மைலேஜ் கணக்கு மாறாது. மாறுவது எது என்றால், அந்த 621 மி.மீ.க்குள் இரும்புக்கு எவ்வளவு பங்கு, காற்றுக்கும் ரப்பருக்கும் எவ்வளவு பங்கு என்பது மட்டும். 16 இன்ச்சில் சைடுவால் 107 மி.மீ., 15 இன்ச்சில் 120, 14 இன்ச்சில் 132. ஆக ஒரு இன்ச் குறைத்தால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 13 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கிறது. விரல் தடிமன்தானே என்று தோன்றலாம், ஆனால் டயர் அமுங்குவதற்கு இருக்கும் இடமே கொஞ்சம்தான், அதில் 13 மி.மீ. பெரிய விஷயம்.

இரண்டாவது லாபம் எடை. பொதுவாகச் சின்ன ரிம்மும் குறுகலான டயரும் சேர்த்து எடை குறையும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு லேசாகச் சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும். கனமான சக்கரம் மேட்டில் அடித்து எகிறும்போது அந்த வேகத்தை அடக்க ஷாக் திணறும், அந்தத் திணறல்தான் பின்சீட்டில் இருப்பவருக்கு உதறலாக வருகிறது.

மூன்றாவது, பள்ளத்தில் ரிம் அடிபடுவது குறையும். சைடுவால் குட்டையாக இருந்தால், பள்ளத்தின் விளிம்பில் இடிக்கும்போது டயர் முழுசாக நசுங்கி ரிம் ரப்பரையே கிள்ளிவிடும். உள்ளே நூல் அறுந்து, வெளியே முட்டை மாதிரி வீங்கும். அந்த வீக்கத்தை எந்தப் பஞ்சர் கடையிலும் சரிசெய்ய முடியாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

நஷ்டமும் இருக்கிறது. வளைவில் வேகமாகத் திருப்பினால் ஸ்டீயரிங் முன்புபோல் கூர்மையாக இருக்காது, அரை நொடி யோசித்துவிட்டுத் திரும்புவது போல இருக்கும். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது எனக்கு அது தெரிந்தது. வேகமாக ஓட்டுவதில் சந்தோஷப்படுகிறவருக்கு இது பிடிக்காமல் போகலாம். என் அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டுகிற எனக்கு அது ஒரு இழப்பே இல்லை.

என் காருக்கு எந்தச் சின்ன ரிம் பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பாருங்கள். நிஜமாகவே அதுதான் முதல் வேலை. மேல் வேரியன்ட்டில் நான்கு பக்கமும் 16 இன்ச் அலாய் கொடுத்துவிட்டு, ஸ்டெப்னியாக 15 இன்ச் ஸ்டீல் ரிம்மை வைக்கும் பழக்கம் இங்கே நிறையக் கார்களில் இருக்கிறது. அப்படி இருந்தால் உங்களுக்குப் பொருந்தும் சின்ன அளவைக் கம்பெனியே டிக்கியில் போட்டுக் கொடுத்திருக்கிறது. (ஸ்டெப்னி என்ற பெயரே 1904-இல் வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் ஆரம்பித்த உபரிச் சக்கரத்திலிருந்து வந்தது. அங்கே கம்பெனி மறைந்துபோனது, நம் ஊரில் பெயர் நிலைத்துவிட்டது.)

அடுத்தது, உங்கள் மாடலின் கீழ் வேரியன்ட்டுக்கு என்ன அளவு என்று பாருங்கள். ஸ்விஃப்டில் கீழே 165/80 ஆர்14, மேலே 185/65 ஆர்15. பலேனோவில் கீழே 185/65 ஆர்15, மேலே 195/55 ஆர்16. கிரெட்டாவில் 205/65 ஆர்16-உம் 215/60 ஆர்17-உம் உண்டு. கடைசி ஜோடியைக் கொஞ்சம் கவனியுங்கள்: 17 இன்ச்சின் மொத்த உயரம் 690 மி.மீ., 16 இன்ச்சின் உயரம் 673. இங்கே சின்னது போட்டால் வண்டி எட்டு மி.மீ. தாழும், சைடுவாலிலும் 4 மி.மீ.தான் கூடும். ஆக எல்லாக் காரிலும் ஒரு இன்ச் குறைப்பது ஒரே பலனைத் தராது. கணக்குப் போடாமல் கடைக்குப் போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பிரேக் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரும் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறலாம், டீசலுக்குப் பெரிதாக இருக்கலாம். புது ரிம்மை மாட்டிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, கேலிப்பர் எங்கேயும் உரசவில்லை என்று தெரிந்த பிறகுதான் டயரை ஏற்றச் சொல்ல வேண்டும். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டிலும்.

ரிம்மை மாற்றாமல் கொஞ்சம் உயரமான டயர் மட்டும் போட்டால் போதாதா? ரிம்முக்கு வேறு செலவு எதற்கு?

கொஞ்ச தூரம் போகலாம். 195/55 ஆர்16 இருக்கும் இடத்தில் 205/55 ஆர்16 போட்டால் சைடுவாலில் ஐந்தரை மி.மீ.தான் கூடும், டயர் கனமாகும், அதனால் பெரிய வித்தியாசம் தெரியாது. 195/60 ஆர்16 போட்டால் சைடுவால் 117 மி.மீ. ஆகும், கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மொத்த உயரம் மூன்று சதவீதம் கூடிவிடுகிறது. மூன்று சதவீதத்துக்கு மேல் போகாதே என்பது டயர் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் பொதுவான எல்லை. ஐந்து பேர் ஏறி ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் உரசலாம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 103 போகும்.

அகலமான டயர் போட்டால் சொகுசு கூடுமா?

கூடாது. பிடிப்பு கொஞ்சம் கூடலாம், ஸ்டீயரிங் கனக்கும், மைலேஜ் குறையும், சத்தம் கூடும்.

காற்று எவ்வளவு அடிப்பது? பங்க்கில் ஒருத்தர் 32 என்கிறார், இன்னொருத்தர் 40 அடித்தால் மைலேஜ் கிடைக்கும் என்கிறார்.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் இருப்பதுதான் உங்கள் எண். டயரின் மேல் அச்சடித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை அடிக்கச் சொல்லவில்லை.

டயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் இதைச் சரி பார்க்க வேண்டும் என்று நான் கெஞ்சியே கேட்பேன். அம்மா வந்த முதல் வாரம், சர்வீஸிலிருந்து வந்த வண்டியை நான் அளந்தே பார்க்கவில்லை. ஒருநாள் காலையில் வீட்டுப் பார்க்கிங்கில் சின்ன டிஜிட்டல் மீட்டரை வால்வில் வைத்து அழுத்தினேன். பின்பக்கம் இரண்டும் 41 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) காட்டின. ஸ்டிக்கரில் 33. எட்டு பி.எஸ்.ஐ. அதிகமாக அடைத்த டயரில், முதுகு வலிக்காரரைச் சரியாக அந்த டயருக்கு மேலேயே உட்காரவைத்து ஒரு வாரம் ஓட்டியிருக்கிறேன். அன்றைக்கு 33-க்கு இறக்கிவிட்டுப் போனபோது அம்மா "இன்னிக்கு ரோடு நல்லா போட்டிருக்காங்களா?" என்று கேட்டார்.

காலையில் வண்டி எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். ஓடிய பிறகு அளந்தால் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். பல ஸ்டிக்கர்களில் இரண்டு வரி இருக்கும்: சாதாரண சுமைக்கு ஒன்று, ஐந்து பேரும் லக்கேஜும் ஏறினால் ஒன்று. பின்சீட்டில் ஒரே ஒருவர் போகும் அன்றாட ஓட்டத்துக்கு முதல் வரிதான். தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது இரண்டாவது வரிக்கு ஏற்றுங்கள், திரும்பி வந்ததும் மறக்காமல் இறக்குங்கள். பலர் இதை மறந்துவிட்டுத்தான் பொங்கல் வரை குலுங்கிக்கொண்டு போகிறார்கள்.

சொகுசுக்காக ஸ்டிக்கர் அளவுக்கும் கீழே போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். சைடுவால் சூடாகும், ஓரம் தேயும், பள்ளத்தில் ரிம் வளையும்.

நைட்ரஜன் அடித்தால் மெத்தென்று இருக்குமா?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அழுத்தம் ஒன்றாக இருந்தால் குலுக்கலில் எந்த வித்தியாசமும் கிடையாது. அந்தக் காசைச் சேர்த்து ஒரு மீட்டர் வாங்குங்கள்.

டயர்தான் காரணமா, ஷாக் போய்விட்டதா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

சின்ன அடிகள் கூர்மையாகக் கையிலும் சீட்டிலும் தெரிந்தால் முதல் சந்தேகம் டயர், காற்று. ஹம்ப் ஏறி இறங்கிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை தலையாட்டினால் ஷாக். பள்ளத்தில் இறங்கும்போது 'கடக்' என்று இரும்புச் சத்தம் வந்தால் சஸ்பென்ஷன் பாகங்களான லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட் இவற்றில் ஒன்று. எண்பதுக்கு மேல் போகும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாதது) அல்லது வளைந்த ரிம். வேகம் கூடக் கூட 'ஊ' என்ற சத்தம் கூடி, ஒரு பக்கம் திருப்பும்போது அது மாறினால் பேரிங்.

வளைந்த ரிம்மை நேரில் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். சிவாஜிநகர் பக்கம் ஒரு கடையில், திருவண்ணாமலைக்காரர் ஒருவர், என் முன் இடது சக்கரத்தைப் பேலன்சிங் மெஷினில் மாட்டிவிட்டு ஒரு சுண்ணாம்புக்கட்டியை ரிம்மின் விளிம்புக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தார். சக்கரம் சுற்றியது. விளிம்பு முழுவதும் கோடு விழவில்லை, ஒரே ஒரு இடத்தில், நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் வெள்ளையாகப் பட்டுக்கொண்டே இருந்தது. "இந்த இடம்தாண்ணே பள்ளத்துல வாங்கினது. இதுக்கு மேல புது டயர் போட்டாலும் அடிக்கத்தான் செய்யும்" என்றார். அதுவரை நான் டயரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றால், டயர் காசை எடுத்து வைப்பதற்கு முன்பு ஒருமுறை லிஃப்ட்டில் ஏற்றி அடியில் இருக்கும் புஷ் எல்லாவற்றையும் கம்பியால் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டன் (ரோட்டில் படும் ட்ரெட் ரப்பர்) இன்னும் நிறைய இருக்கிறதே, டயரை எதற்கு மாற்ற வேண்டும்?

பெங்களூரில் இது ரொம்ப சகஜம். வீட்டிலிருந்தே வேலை, இல்லையென்றால் மெட்ரோ. வண்டி ஆறு வருடத்தில் முப்பதாயிரம் கூட ஓடியிருக்காது. ட்ரெட்டின் ஆழம் 1.6 மி.மீ.க்கு வந்துவிட்டால் மொட்டை டயர், மாற்றியே ஆக வேண்டும். ட்ரெட்டின் பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடு ட்ரெட்டோடு சமமாகிவிட்டால் அந்த அளவு வந்துவிட்டது. ஆனால் அதற்கு ரொம்ப முன்பே ரப்பர் கெட்டியாகிவிடும். வெயிலில் நின்றே கெட்டியாகும்.

கட்டை விரல் நகத்தை ட்ரெட் பள்ளத்தின் அடியில் வைத்து அழுத்திப் பாருங்கள். புது டயரில் நகம் கொஞ்சம் இறங்கி, எடுத்ததும் அடையாளம் மெல்ல மறையும். பழையதில் நகம்தான் வளையும். அம்மா வந்தபோது என் டயர்களில் நாலு மி.மீ. ட்ரெட் இருந்தது, ஆனால் தொட்டால் கட்டை மாதிரி இருந்தன. சைடில் டாட் (DOT) என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்தான் பிறந்த தேதி: 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். ஐந்து வருடம் தாண்டியதும் ஒவ்வொரு வருடமும் நன்றாகப் பார்க்க வேண்டும். சொகுசு முக்கியம் என்றால் ஆறு வருடத்துக்கு மேல் நான் வைத்திருக்க மாட்டேன், ட்ரெட் எவ்வளவு இருந்தாலும்.

எந்த பிராண்ட் வாங்குவது?

பிராண்டைவிட அந்த பிராண்டில் எந்த டயர் என்பதைக் கேளுங்கள். ஒரே கம்பெனி நீண்ட நாள் உழைக்க ஒன்று, மைலேஜுக்கு ஒன்று, சொகுசுக்கு ஒன்று, கரடுமுரடுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்கிறது. மிஷலின் பிரைமசி 4 எஸ்.டி., பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா, கான்டினென்டல் கம்ஃபர்ட்கான்டாக்ட் இவை சொகுசையும் அமைதியையும் மனதில் வைத்துச் செய்தவை. யோகோஹாமா, குட்இயர், அப்போலோ, சியட், எம்.ஆர்.எஃப். எல்லாவற்றிலும் நகர ஓட்டத்துக்கென்றே ஒரு வரிசை இருக்கிறது. எம்.ஆர்.எஃப். நம் ஊர்க் கம்பெனி என்று பிடிவாதமாக வாங்குகிறவர்களை எனக்குப் பிடிக்கும். 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்தது அது. ஆனால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பெட்டி பெட்டியாகத் தடித்த பட்டன் வைத்த கரடுமுரடு டயரை நகரத்துக்குப் போடாதீர்கள், அழகுக்காகப் போட்டால் சத்தமும் உதறலும் கூடவே வரும்.

சைடில் எக்ஸ்.எல். என்று போட்ட டயர் கூடுதல் எடை தாங்க வலுவாகச் செய்தது, பொதுவாகச் சைடுவால் விறைப்பாக இருக்கும். உங்கள் கார் அதைக் கேட்கவில்லை என்றால் சாதாரண வகையே போதும். எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் முக்கியமாக இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது, பேட்டரி எடை அதிகம் என்பதால் கம்பெனி சொன்ன எடைக் குறியீட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. மற்றவர்களுக்கும் இதே விதிதான். 195/55 ஆர்16-இல் 87, 185/65 ஆர்15-இல் வழக்கமாக 88 வரும், அது 560 கிலோ, ஆகவே இந்த ஜோடியில் கவலை இல்லை.

வொயிட் டாப்பிங் (தாருக்கு மேல் சிமென்ட் போட்ட) ரோட்டில் காதைக் கிழிக்கிறது. அதற்கு டயர் உண்டா?

சிமென்ட் ரோட்டில் மழை நீர் வடியவும் பிடிப்புக்கும் குறுக்கே கோடு கோடாகக் கீறி விட்டிருப்பார்கள். டயர் அந்தக் கோடுகளைத் தட்டித் தட்டிப் போவதுதான் அந்தச் சத்தம். அந்த மாதிரி ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டினால் நன்றாகத் தெரியும். அமைதியான டயர் போட்டால் குறையும், மறையாது. சத்தமும் குலுக்கலும் வேறு வேறு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெத்தென்று போகும் டயர் சத்தம் போடலாம், சத்தமில்லாத டயர் பள்ளத்தில் அடிக்கலாம். எது உங்களுக்கு அதிகம் வலிக்கிறதோ அதைக் கடைக்காரரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஸ்டீல் ரிம்மா, அலாயா? வாங்கும்போது என்ன பார்ப்பது?

பள்ளத்தில் ஸ்டீல் வளையும், தட்டி நேராக்கலாம். அலாய் வளையவும் செய்யும், விரிசலும் விடும். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்து ஓட்டுவது எனக்கு ஒப்பாத காரியம். அதே அளவில் நல்ல அலாய் கொஞ்சம் லேசாக இருக்கும், ஆனால் எல்லா அலாயும் லேசு இல்லை, வெளிக் கடைகளில் கிடைக்கும் சில டிசைன்கள் ஸ்டீலைவிடக் கனம். தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மற்றபடி ரிம்மில் நான்கு அளவு பொருந்த வேண்டும். போல்ட் வட்டம், ஸ்விஃப்ட், பலேனோ மாதிரிக் கார்களுக்கு 4x100, அதாவது நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம். நடு ஓட்டை, அது சக்கரம் மாட்டும் ஹப்பின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும், பெரிதாக இருந்தால் வளையம் போட்டாவது நடுவில் நிற்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் நடுங்கும். ரிம்மின் அகலம், 185/65 ஆர்15-க்கு ஐந்திலிருந்து ஆறரை இன்ச் வரை சரி. நான்காவது ஆஃப்செட், ரிம்மின் அகலத்தின் நடுவிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. கம்பெனி ரிம் 45 என்றால், 35 போட்டதும் சக்கரம் பத்து மி.மீ. வெளியே துருத்தும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், பேரிங்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் சுமை, பள்ளத்தில் ஸ்டீயரிங் கையில் வெட்டும்.

என் யோசனை: கீழ் வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் ரிம்மைத் தேடுங்கள். பெரிய அலாய் மாட்டுவதற்காகப் புதுக் காரிலிருந்து கழற்றி விற்றுவிட்டுப் போனவை ஜே.சி. ரோட்டுக் கடைகளில் நிறையக் கிடைக்கும், ஓடாத ரிம், நான்கு அளவும் தானாகப் பொருந்தும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதனால்தான் உங்கள் மாடலுக்குக் கம்பெனி கொடுத்த அளவுகளுக்குள்ளேயே இருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அதே மாடலின் இன்னொரு வேரியன்ட் அளவு என்றால் பேச ஒரு அடிப்படை இருக்கிறது. இருந்தாலும் ரிம்மை மாற்றுவதற்கு முன்பு இன்சூரன்ஸுக்கு ஒரு மெயில் போட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாரன்ட்டியில் இருக்கும் கார் என்றால் சர்வீஸ் சென்டரிலும் கேளுங்கள்.

நான்கையும் ஒரேயடியாக மாற்ற வேண்டுமா? இரண்டு மட்டும் போதாதா?

ரிம் அளவு மாறினால் நான்கும். டயர் மட்டும் என்றால் இரண்டு மாற்றலாம், ஆனால் புதியவை பின்னால் போக வேண்டும். முன்சக்கரம்தானே இழுக்கிறது, அங்கேதானே நல்லது வேண்டும் என்று பலர் வாதாடுவார்கள். மழையில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழலும், சாதாரண ஓட்டுநரால் பிடிக்க முடியாது. வீட்டில் வயதானவர்கள் பின்சீட்டில் உட்காருகிறார்கள் என்றால் சொகுசுக்கும் அதுவே சரி.

வாங்கும்போது கடையில் எதைக் கவனிப்பது?

நான்கு டயரின் தேதியையும் ஏற்றுவதற்கு முன்பே நீங்களே குனிந்து படியுங்கள், ஏற்றிய பிறகு எண் உள்பக்கம் போய்விடலாம். ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது, ஒரு வருடத்துக்கு மேல் என்றால் வேறு கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். பில் வாங்குங்கள், 2025 செப்டம்பர் 22-லிருந்து கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் அதைச் சொல்லுங்கள். வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், சில்லறைக் காசு, ஆனால் பழைய வால்வில் காற்று கசிந்தால் புது டயர் ஓரம் தேய்ந்து போகும். கழற்றிய 16 இன்ச் அலாயை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். காரை விற்கும்போது வாங்குகிறவர் கேட்பார்.

போட்டு முடித்த பிறகு?

அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) அன்றைக்கே. காற்று ஸ்டிக்கர் அளவுக்கு, கடையிலேயே உங்கள் மீட்டரில் அளந்துவிட்டுக் கிளம்புங்கள். டயர் ரிம்மில் உட்கார அதிகமாக அடிப்பார்கள், இறக்க மறந்துவிடுவார்கள். டி.பி.எம்.எஸ். (டயரின் காற்றழுத்தத்தைக் கவனித்துச் சொல்லும் வசதி) உள்ள வண்டியில் சென்சார் பழைய ரிம்மிலேயே தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நட்டுகளைக் குறித்த இறுக்கத்துக்கு முறுக்கும் டார்க் ரெஞ்சில் முறுக்கச் சொல்லுங்கள், நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை. முதல் முந்நூறு கிலோமீட்டர் வரை புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும், மழையில் அடித்துப் பிரேக் பிடிக்காதீர்கள். அப்புறம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயர்களையும் பின் டயர்களையும் இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் அலை அலையாகத் தேய்ந்து சத்தம் ஆரம்பித்துவிடும்.

என் வண்டியில் 15 இன்ச் போட்டு மூன்றாவது நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அதே ஏழு கிலோமீட்டர் போனேன். பாதி வழியில் பின்சீட்டில் சத்தமே இல்லை, கண்ணாடியில் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தார்.